எக்செல் காட்டும் 0.00 பூஜ்யமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் ஓடுவது பாட்டும் படமும். அடுத்ததாகத் திறக்கப்படுவது பெரும்பாலும் எக்செல்தான். வீட்டுக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் மார்க் பட்டியல் என்று எதையாவது அதில் போட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. நாமக்கல் மாவட்டம் பரமத்திப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். பண்ணைக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் பிளஸ் டூ படிக்கும் என் தங்கையும் பங்கு கேட்டாள். அப்பாவுக்கு முட்டைக் கணக்கு, மகளுக்கு இயற்பியல் கணக்கு.

இருவருக்கும் ஒரே எக்செல் பைலில் தனித்தனி ஒர்க்ஷீட் போட்டுக் கொடுத்தவன் நான். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்ப்பவன் என்பதால் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். அந்த மரியாதையில் நான் செய்த ஒரு தவறும், அதனால் என் தங்கையின் இரண்டு மாத உழைப்பு ஒரே நொடியில் பூஜ்யமானதும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு படியுங்கள்.

எலெக்ட்ரான் வோல்ட் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த ஆற்றல் அலகுகளில் இருந்து தொடங்குவோம். மின்சார வாரியம் நமக்குக் கணக்குப் போடும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அது 36 லட்சம் ஜூல். பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பது கிலோ கலோரி. ஒரு சாதாரண நாமக்கல் முட்டையில் சுமார் 70 கிலோ கலோரி இருக்கிறது. ஜூலில் சொன்னால் ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம். ஆக, ஒரு யூனிட் கரண்டும் ஏறக்குறைய 12 முட்டையும் ஆற்றல் கணக்கில் சமம். இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. கால்குலேட்டரை எடுத்து 36 லட்சத்தை 2 லட்சத்து 93 ஆயிரத்தால் அவரே வகுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக் கொண்டார்.

இவையெல்லாம் கையில் எடுக்கக் கூடிய பொருள்களுக்கான அலகுகள். ஓர் எலெக்ட்ரானுக்கும் ஓர் ஒளித்துகளுக்கும் ஜூல் மிகப் பெரியது. லாரி எடை போடும் எடைமேடையில் கடுகை வைத்து நிறுப்பது போல ஆகி விடும். அதனால் இயற்பியலில் எலெக்ட்ரான் வோல்ட் என்ற தனி அலகை வைத்திருக்கிறார்கள். ஓர் எலெக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் எவ்வளவோ, அதுதான் 1 எலெக்ட்ரான் வோல்ட்.

ஜூலில் இதன் மதிப்பு 1.602176634 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 19. அதாவது புள்ளிக்குப் பிறகு 18 பூஜ்யங்கள் போட்டு, அதன் பிறகுதான் 1, 6 என்று எழுதத் தொடங்க வேண்டும். 2019 மே 20 முதல் இந்த எண் துல்லியமானது என்று உலக அளவில் வரையறுத்து விட்டார்கள். அதற்கு முன்பு இது பரிசோதனையில் அளந்து பெறும் எண்ணாக இருந்தது. கடைசி இலக்கங்கள் அவ்வப்போது மாறும். பழைய புத்தகத்தில் கடைசி இலக்கங்கள் வேறாக இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து விடாதீர்கள். பிளஸ் டூ கணக்குக்கு 1.602 போதும்.

பழைய புத்தகங்களில் எர்க் என்ற அலகும் வரும். ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல். இன்று பள்ளிப் பாடத்தில் அதற்கு அதிக வேலை இல்லை.

இத்தனை சிறிய அலகுகள் எதற்கு என்று கேட்டால், அணு அளவில் நடப்பதெல்லாம் இந்த அலகில்தான் மனிதர் படிக்கக் கூடிய எண்ணாக வருகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளுக்கு ஏறத்தாழ 1.8 முதல் 3.1 எலெக்ட்ரான் வோல்ட். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் சிலிக்கானால் ஆனது; அந்தச் சிலிக்கானில் ஓர் எலெக்ட்ரானை விடுவித்து ஓட விட 1.12 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் ஒரு கார்பன் அணு முழுதாக எரிந்தால் கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட். கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையத்தில் ஒரு யுரேனியம் அணு பிளந்தால் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். நாலுக்கும் இருபது கோடிக்கும் உள்ள தூரம் சட்டென்று புரிகிறது அல்லவா? இதையே ஜூலில் எழுதினால் ஒன்று மைனஸ் 19 அடுக்கிலும் இன்னொன்று மைனஸ் 11 அடுக்கிலும் வரும். பார்க்கும் கண்ணுக்கு இரண்டுமே ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். எக்செல்லின் கண்ணுக்கும் அப்படித் தெரியும்படி நாம் செய்து விட முடியும். நான் செய்தது அதைத்தான்.

ஒரு பைசா தகராறு

அந்த பைலைத் தயார் செய்தபோது எல்லா ஒர்க்ஷீட்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எல்லா செல்களுக்கும் இரண்டு தசம இடம் என்று பார்மட் கொடுத்திருந்தேன். ரூபாய் பைசா அழகாகத் தெரியட்டும் என்ற எண்ணம். தங்கையின் இயற்பியல் ஷீட்டுக்கும் அதே பார்மட் போய் விட்டது.

அவள் செசியம் உலோகத்தின் ஒளிமின் வெளியேற்று ஆற்றலை ஜூலில் டைப் செய்தால் செல்லில் 0.00 என்றுதான் தெரியும். ஆனால் அந்த செல்லில் கிளிக் செய்து மேலே பார்முலா பாரைப் பார்த்தால் 3.43இ-19 என்று சரியாக இருக்கும். நடுவில் வரும் ஆங்கில எழுத்து 'இ'க்கு "பெருக்கல் பத்தின் அடுக்கு" என்று பொருள். அதாவது செல்லில் தெரிவது வேறு, எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண் வேறு. புதியவர்கள் முதலில் கற்றுக் கொள்ள வேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான். தங்கை இதைத் தானாகவே கண்டுபிடித்துக் கொண்டாள். "உள்ள சரியாத்தான் இருக்குது, வெளிய காட்ட மாட்டேங்குது" என்று சொல்லிக் கொண்டு தொடர்ந்து டைப் செய்து வந்தாள். இரண்டு மாதத்தில் 143 கணக்குகள். தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்கத் தானே தயாரித்த பட்டியல்.

ஒரு நாள் காலையில் சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டரு பைசாக் கணக்குல தப்புப் பண்ணுதுங்க. ஒரு முட்டைக்குத் தீவனம் மூணு ரூவா பதினாலு, மருந்து கூலி நாப்பத்திரெண்டு பைசா, கரண்டு இதர செலவு இருவத்திமூணு. கூட்டுனா மூணு எழுவத்தொம்போது. இது மூணு எண்பதுங்குது. கடைக்காரர்கிட்டத் திருப்பிக் குடுத்தரலாமா?"

கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. தீவனச் செலவு உண்மையில் 3.144. மற்றவை 0.424, 0.234. மூன்றும் சேர்ந்தால் 3.802. எக்செல் உள்ளே இருக்கும் முழு எண்களைக் கூட்டி, விடையை மட்டும் இரண்டு இடத்துக்குச் சுருக்கி 3.80 என்று காட்டுகிறது. சித்தப்பா திரையில் தெரிந்த சுருக்கிய எண்களைக் கூட்டினார். அதனால்தான் ஒரு பைசா வித்தியாசம்.

இதைப் பொறுமையாக விளக்கி இருக்கலாம். எனக்கு ஆபீசில் மீட்டிங் நேரம். ஒரு குறுக்கு வழி சொன்னேன். பைல் மெனு, ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு. கீழே இறங்கினால் "வென் கால்குலேட்டிங் திஸ் ஒர்க்புக்" என்ற தலைப்பு. அதன் கீழ் "செட் பிரிசிஷன் அஸ் டிஸ்ப்ளேய்டு" என்று ஒரு கட்டம். அதில் டிக் செய்யுங்கள். (2003 பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது டூல்ஸ் மெனு, ஆப்ஷன்ஸ், கால்குலேஷன் டேபில் இருக்கும்.) இதை டிக் செய்தால், திரையில் தெரியும் எண் எதுவோ அதையே உண்மையான எண்ணாக எக்செல் எடுத்துக் கொள்ளும்.

"ஏதோ இங்கிலீஷ்ல கேக்குதுங்க தம்பி."

"ஒண்ணுமில்லைங்க சித்தப்பா, ஓகே குடுங்க."

எக்செல் கேட்டது இதுதான்: தகவல்கள் தங்கள் துல்லியத்தை நிரந்தரமாக இழந்து விடும், சம்மதமா? இருபத்தெட்டு வயது இன்ஜினியர் ஒருவன், வாழ்க்கையில் முதல் முறையாக மவுஸ் பிடித்த மனிதரிடம், படிக்காமலே ஓகே கொடுக்கச் சொன்னான். சித்தப்பாவுக்கு 3.79 வந்து விட்டது. சந்தோஷமாக சேவ் செய்து மூடினார்.

பிளாட்டினத்தில் இருந்து எலெக்ட்ரான்

மூன்று வாரம் கழித்து ராத்திரி பத்து மணிக்குத் தங்கை அழைத்தாள். நடுவில் பள்ளியில் தேர்வு நடந்ததால் அந்த ஷீட்டை அவள் திறக்கவே இல்லை.

"அண்ணா, பிளாட்டினத்து மேல சிவப்பு லைட் போட்டா எலெக்ட்ரான் வெளிய வரும்னு சொல்லுதுங்ணா. வராதில்ல?"

வராது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓர் உலோகத்தின் மேல் ஒளி விழுந்தால் சில நேரம் எலெக்ட்ரான் வெளியேறும். ஒளி தனித்தனித் துகள்களாக வருகிறது. ஒரு துகளின் ஆற்றல் அந்த உலோகத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால்தான் எலெக்ட்ரான் வரும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அவருக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்ததும் இந்த விளக்கத்துக்காகத்தான். பாடப்புத்தக அட்டவணைப்படி செசியத்துக்கு 2.14, செம்புக்கு 4.65, பிளாட்டினத்துக்கு 5.65 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. சிவப்பு ஒளியின் ஒரு துகளுக்கு, அலைநீளம் 650 நானோமீட்டர் என்று வைத்தால், 1.91தான். பிளாட்டினம் அசையக் கூட அசையாது.

தங்கை தன் ஷீட்டில் ஓர் இஃப் பார்முலா போட்டிருந்தாள். ஒளித்துகளின் ஆற்றல் உலோகத்தின் தேவைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் "வரும்", இல்லாவிட்டால் "வராது" என்று காட்டும். நல்ல பார்முலாதான். ஆனால் இப்போது மேலிருந்து கீழ் வரை எல்லா வரியிலும் "வரும்" என்று நின்றது. இரண்டு ஆற்றல்களையும் ஜூலில் வைத்திருந்தாள். இரண்டு செல்களிலும் 0.00 தெரிந்தது. நான் டிக் செய்ய வைத்த கட்டம் அந்த 0.00ஐ நிஜமான பூஜ்யமாக்கி விட்டது. பூஜ்யமும் பூஜ்யமும் சமம். எனவே "வரும்".

பார்முலா பாரில் பார்க்கச் சொன்னேன். அங்கும் வெறும் 0. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப நான் டைப் பண்ணினது?" என்றாள்.

அந்த ஆப்ஷன் ஒரு ஷீட்டுக்கு மட்டும் பொருந்துவது அல்ல. பைலில் உள்ள எல்லா ஷீட்டுக்கும் சேர்த்துத்தான். கையால் டைப் செய்த எண்களைச் சுருக்கி, சுருக்கியதையே சேமித்து விடும். பிறகு டிக்கை எடுத்தாலும் பழைய எண் திரும்பாது. பைலைப் பல முறை சேவ் செய்து மூடித் திறந்தாகி விட்டது, அன்டூவும் உதவாது. வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருந்தாளா என்றால், பென் டிரைவில் முதல் மாதத்துப் பழைய பைல் ஒன்று இருந்தது. அதில் 38 கணக்குகள் மட்டும்.

எது பிழைத்தது, எது போனது

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். தங்கை என்னிடம் பேசவில்லை. டம்ளரில் டீயை வைத்து விட்டுப் போய் விட்டாள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். அடுத்து பார்மட்டை மாற்றினேன்.

143 கணக்குகளில் 91 கணக்குகள் ஒளித்துகள் பற்றியவை. இவற்றில் அவள் ஆற்றலை நேரடியாக டைப் செய்யவில்லை. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் டைப் செய்து விட்டு, 1240ஐ அதனால் வகுத்தால் எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கும் என்ற எளிய வழியைப் பார்முலாவாக வைத்திருந்தாள். ஜூலுக்கு மாற்றும் 1.602இ-19 என்ற எண் மேலே ஒரே ஒரு செல்லில் இருந்தது. அலைநீளங்கள் 589, 650 என்று பெரிய எண்கள். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்முலாக்களும் அப்படியே இருந்தன. பூஜ்யமானது அந்த ஒரு மாற்று எண்தான். அதை மறுபடி டைப் செய்து என்டர் தட்டியதும் 91 வரிகளும் ஒரே வீச்சில் உயிர் பெற்றன.

மற்ற 52 கணக்குகளில் தேவையான ஆற்றலைக் கால்குலேட்டரில் ஜூலாக மாற்றி, விடையை மட்டும் கையால் டைப் செய்திருந்தாள். அவை எல்லாம் போனது போனதுதான். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி டைப் செய்தோம். நான் படிக்க, அவள் தட்டினாள். இந்த முறை ஜூலில் அல்ல; புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எலெக்ட்ரான் வோல்ட்டில். பக்கத்து செல்லில் ஜூலுக்கு மாற்றும் பார்முலா. இனி யார் எந்தக் கட்டத்தில் டிக் செய்தாலும் 2.14 என்பது 2.14ஆகவே இருக்கும்.

இயற்பியல் கணக்கை எக்செல்லில் போடுபவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இந்த வழக்கம்தான். எண் எந்த அலகில் சாதாரண எண்ணாக வருகிறதோ அந்த அலகில் டைப் செய்யுங்கள். மாற்றும் வேலையைப் பார்முலாவிடம் விடுங்கள். மாற்று எண்ணை ஒரே செல்லில் வைத்து, அந்த செல்லுக்கு மட்டும் சயின்டிபிக் பார்மட் கொடுங்கள். செல்லைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக் கொண்டு மேல் வரிசையில் உள்ள 6 என்ற கீயைத் தட்டினால் போதும், 0.00 என்று இருந்தது 1.60இ-19 என்று மாறும். பார்மட் செல்ஸ் டயலாக் பாக்சில் சயின்டிபிக் என்பதைத் தேர்ந்தெடுத்து, தசம இடங்களை மூன்று நான்கு என்று கூட்டிக் கொள்ளவும் செய்யலாம்.

தசம இடம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி செசியத்தில் இருந்து எலெக்ட்ரானை வெளியேற்றுமா என்று ஒரு கணக்கு. 589 நானோமீட்டர் ஒளிக்கு 2.105 எலெக்ட்ரான் வோல்ட். செசியத்துக்கு வேண்டியது 2.14. மயிரிழையில் வராது. ஜூலில் 3.37இ-19க்கு 3.43இ-19. ஒரே இலக்கத்துக்குச் சுருக்கினால் இரண்டும் 3இ-19 ஆகி, விடை "வரும்" என்று தலைகீழாகி விடும்.

கன்வெர்ட் பங்ஷன்

மாற்று எண்ணை நினைவில் வைக்க விரும்பாதவர்களுக்கு எக்செல்லிலேயே ஒரு வசதி உண்டு. கன்வெர்ட் என்பது அதன் பெயர். அடைப்புக்குறிக்குள் மூன்று விஷயங்களைக் கொடுக்க வேண்டும்: எண், இப்போதைய அலகு, மாற்ற வேண்டிய அலகு. அலகுகளை ஆங்கில எழுத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்திடவும். எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சிறிய 'இ', பெரிய 'வி'. ஜூலுக்குப் பெரிய 'ஜே'. எர்க்குக்குச் சிறிய 'இ' மட்டும். எக்செல் 2007 முதல் இது நேரடியாகவே வேலை செய்யும். 2003இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் டூல்ஸ் மெனுவில் ஆட்-இன்ஸ் சென்று அனாலிசிஸ் டூல்பேக் என்பதை முதலில் சேர்த்திட வேண்டும். இல்லாவிட்டால் பெயர் தெரியவில்லை என்று பிழை காட்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே பங்ஷன் இருக்கிறது.

இதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மிக முக்கியம். அலகுக்கு முன்னால் பெரிய 'எம்' போட்டால் மெகா, அதாவது பத்து லட்சம். சிறிய 'எம்' போட்டால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. கேப்ஸ் லாக்கை மறந்தால் விடை நூறு கோடி மடங்கு மாறி விடும். எக்செல் எச்சரிக்காது. அதைப் பொறுத்த வரை இரண்டுமே சரியான அலகுகள்தான்.

கலோரியில் இன்னொரு குழப்பம். சிறிய 'சி' என்று மட்டும் கொடுத்தால் ஒரு கலோரிக்கு 4.184 ஜூல் என்று எடுத்துக் கொள்ளும். 'சி ஏ எல்' என்று மூன்று எழுத்தும் கொடுத்தால் 4.1868 ஜூல். உலகத்தில் கலோரி ஒன்றுக்கு மேற்பட்டது இருப்பதால் வந்த வினை இது. முட்டைக் கணக்கில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. 70 கிலோ கலோரிக்கு 200 ஜூல் போலத்தான் வேறுபடும். ஆனால் "கிலோ"வை விட்டு விட்டால் ஆயிரம் மடங்கு தவறு. விண்டோஸ் 10, 11இல் உள்ள கால்குலேட்டரில் எனர்ஜி என்ற பிரிவைத் திறந்தால் தெர்மல் கலோரி, புட் கலோரி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். சாப்பாட்டுப் பேச்சில் வரும் கலோரி இரண்டாவது; அது ஆயிரம் சிறிய கலோரி கொண்டது. ஒன்றிரண்டு எண்களை மட்டும் மாற்றிப் பார்க்க இந்தக் கால்குலேட்டரே போதும். எலெக்ட்ரான் வோல்ட்டும் அதில் இருக்கிறது.

இன்னொரு எல்லையையும் தெரிந்து கொள்ளுங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கும். பத்தின் அடுக்கு மைனஸ் 307 வரை சிறிய எண்ணை அது தாங்கும் என்பதால், மைனஸ் 19 அதற்குச் சாதாரணம். ஆனால் ஒரு முட்டையின் ஆற்றலையும் ஓர் ஒளித்துகளின் ஆற்றலையும் ஜூலில் கூட்டிப் பாருங்கள்; முட்டையின் எண் அப்படியே இருக்கும். சிறியது பெரியதில் கரைந்து காணாமல் போய் விடும். அதை எந்த ஆப்ஷனாலும் மாற்ற முடியாது.

480 ரூபாய்

டிக்கை எடுத்ததும் சித்தப்பாவின் ஷீட்டில் மறுபடி 3.80 வந்து விட்டது. அவருடைய செலவு எண்கள் எல்லாம் பார்முலாவில் இருந்து வருபவை என்பதால் சேதம் எதுவும் இல்லை. அந்த மூன்று செல்களுக்கும் மூன்று தசம இடம் காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். இப்போது 3.144, 0.424, 0.234 என்று முழுதாகத் தெரிந்தது. கால்குலேட்டரும் எக்செல்லும் ஒன்றாக 3.802 என்றன. கடைசி பில் தொகையை மட்டும் ரவுண்ட் பங்ஷன் வைத்து இரண்டு இடத்துக்குச் சுருக்கினோம். நடுவில் எங்கும் சுருக்கவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துப் பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஏதோ கணக்குப் போட்டார். பண்ணையில் நாளுக்கு நாற்பதாயிரம் முட்டை. 3.802 என்றால் செலவு ஒரு லட்சத்து 52 ஆயிரத்து 80 ரூபாய். 3.79 என்றால் ஒரு லட்சத்து 51 ஆயிரத்து 600.

"அப்ப மூணு வாரமா தெனம் நானூத்தி எண்பது ரூவா செலவைக் கொறச்சுக் காட்டீருக்குதுங்களா தம்பி?"

ஆமாங்க சித்தப்பா என்றேன். 21 நாளைக்குப் பத்தாயிரத்து எண்பது. அவர் அந்தத் தொகையைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். உள்ளே இருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அப்பா, அண்ணாகிட்ட வசூல் பண்ணுங்க" என்றாள். மூன்று நாளில் அவள் என்னைக் குறித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.